ஸ்டவுட்டில் புளிப்பு ஏறிவிட்டது, கொட்டிவிடலாமா?

கேள்வி, 9 நவம்பர் 2023

அண்ணா, கிளாஸ்கோவில் இருக்கிறேன். வீட்டில் 19 லிட்டர் ஸ்டவுட், அதாவது வறுத்த தானியத்தில் செய்யும் கருப்பு பியர், போட்டேன். பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) 4 கிலோ, வறுத்த பார்லி 450 கிராம், சாக்லேட் மால்ட் 250 கிராம், ஓட்ஸ் 300 கிராம். அடர்த்தி 1.055இல் தொடங்கி 1.014இல் நின்றுவிட்டது. இப்போது கெக்கில் (வாயு ஏற்றும் உலோகப் பீப்பாயில்) இருக்கிறது. நிறம், நுரை எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் வாயில் வைத்தால் சுருக்கென்று ஒரு புளிப்பு, அதன் பின்னால் தொண்டையில் காறல். வினிகர் வாடை இல்லை. ஊரில் குடித்த லயன் ஸ்டவுட் மாதிரி சாக்லேட் ருசி வரும் என்று நினைத்தேன். சாக்குப் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட், போடச் சொல்கிறார் ஒரு நண்பர். கொட்டிவிடு என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

9 நவம்பர் 2023

தம்பி, கொட்டாதீர்கள். சாக்குப் பொடியும் வேண்டாம். அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை கெக்கில் எதுவும் போட வேண்டாம்.

கருப்பு பியரில் புளிப்பு வர நாலு வழி உண்டு, நாலுக்கும் மருந்து வேறு வேறு. வறுத்த தானியத்தின் சொந்த அமிலம் ஒன்று. அது சுருக்கென்று வந்து, பின்னால் கருகிய காறலை விட்டுவிட்டுப் போகும். லாக்டிக் அமிலம் தயிர்ப் புளிப்பு, வழவழப்பாக நாக்கின் இரு பக்கமும் நிற்கும், காறாது. அசிட்டிக் அமிலத்தை வாய்க்கு முன்னால் மூக்கே சொல்லிவிடும். நாலாவது வாயு. கரியமில வாயு கரைந்தால் அதுவும் ஓர் அமிலம்தான், அளவுக்கு மீறி ஏற்றிய கெக்கில் நல்ல ஸ்டவுட்டும் நாக்கைக் கிள்ளும்.

முதலில் நாலாவதைத் தள்ளிவிடுவோம், அதற்குக் காசு செலவில்லை. ஒரு கிளாஸ் பிடித்து, இன்னொரு கிளாஸுக்கு மாற்றி மாற்றி ஆற்றி, நுரை அடங்கியதும் அறை வெப்பத்துக்கு வரவிட்டுக் குடித்துப் பாருங்கள். கிள்ளல் போய்விட்டால் கெக்கின் அழுத்தத்தைக் குறைத்தாலே போதும். ஸ்டவுட்டுக்கு 2 வால்யூமே, அதாவது பியரின் கன அளவைப் போல் இரண்டு மடங்கு வாயுவே, தாராளம். 2.6, 2.7 என்று லாகர் மாதிரி ஏற்றத் தேவையில்லை.

9 நவம்பர் 2023, இரவு

ஒன்று விட்டுப்போனது. லிட்மஸ் மாதிரி வரும் காகிதப் பட்டையில் பிஎச் (அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பார்த்ததாக இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஸ்டவுட்டின் நிறமே பட்டையில் ஏறிக்கொள்ளும், பழுப்பைப் பார்த்து எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுவது? மீட்டர் வேண்டும். கடனாகக் கிடைத்தாலும் சரி.

12 நவம்பர் 2023

தம்பியின் பதில் வந்துவிட்டது. வாயு போன பின்னும் புளிப்பு இருக்கிறது. நண்பரின் மீட்டர் 4.0 காட்டுகிறது. தண்ணீர் குழாய்த் தண்ணீர். மாஷில், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில், ஒரு டீஸ்பூன் ஜிப்சம் போட்டிருக்கிறார், ஐபிஏ என்ற வெளிர் கசப்பு பியர் செய்யும்போது போடுகிற வழக்கத்தில்.

எனக்கு இது போதும். ஸ்டவுட் 4.3 முதல் 4.5 வரை இருந்தால் வறுத்த ருசி உருண்டையாக, காபி, சாக்லேட் என்று வரும். 4.1க்குக் கீழே போனால் அதே தானியம் கருகலாக, கூர்மையாகத் தெரியும். தானியத்தில் குறை இல்லை. கோளாறு தண்ணீரில்.

கிளாஸ்கோவின் தண்ணீர் 1859 முதல் லாக் கத்ரீன் ஏரியிலிருந்து வருகிறது. பாறைமேல் வழிந்து வரும் மழைத் தண்ணீர், மிக மென்மையானது, காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. பார்லியை வறுக்கும்போது அதில் அமிலங்கள் உண்டாகின்றன. மாஷில் அவை கரைந்து பிஎச்சைக் கீழே இழுக்கும். லண்டன் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள பைகார்பனேட் எதிர்த்து நின்று அந்த அமிலத்தைச் சாப்பிட்டுவிடும். லாக் கத்ரீன் தண்ணீரில் எதிர்ப்பதற்கு ஆளே இல்லை. போதாக்குறைக்கு ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்து, பிஎச்சை இன்னும் கொஞ்சம் இறக்கும். வெளிர் பியருக்கு அதே செய்கைதான் நன்மை, அதனால்தான் ஐபிஏவில் போடுகிறோம்.

தண்ணீர் பியரைத் தீர்மானித்த கதை பழையது. பில்சென் நகரத்தின் மென்மையான தண்ணீரில் 1842இல் பொன்னிற லாகர் பிறந்தது. சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் உள்ள லண்டனில் போர்ட்டர் என்ற கருப்பு பியரும், கார்பனேட் நிறைந்த மியூனிக்கில் டுங்கல் என்ற கரும்பழுப்பு லாகரும் வளர்ந்தன. அந்தக் காலத்தில் யாரும் பிஎச் அளக்கவில்லை. அந்த அளவுகோலே 1909இல்தான் வந்தது, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் கொண்டுவந்தார். அதாவது பியர்க்காரர்கள் வீட்டுப் பொருள் அது, நாம் அதைப் பயன்படுத்தாமல் இருந்தால் எப்படி?

12 நவம்பர் 2023, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் டப்ளின்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டப்ளின் தண்ணீர் கடினம், அதனால்தான் அங்கே கின்னஸ் ஸ்டவுட் என்று பல இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆனால் கின்னஸ் ஆலை தன் தண்ணீர் விக்லோ மலைகளிலிருந்து வருவதாகவே சொல்கிறது, அது மென்மையான தண்ணீர். ஊர்ப் பெயரை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். உங்கள் குழாயில் என்ன வருகிறது என்று தண்ணீர் நிறுவனத்தின் அறிக்கையில் காரத்தன்மை வரியைப் பாருங்கள், அது ஒன்றே போதும்.

13 நவம்பர் 2023

சாக்குப் பொடி பற்றிக் காரசாரமாக நாலு பேர் எழுதிவிட்டார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். கால்சியம் கார்பனேட் காகிதத்தில் அருமையான மருந்து. மாஷில் அது கரையவே மாட்டேன் என்கிறது. தண்ணீரில் கரியமில வாயுவை ஏற்றி, காத்திருந்து கரைத்தால்தான் வேலை செய்யும். மாஷின் ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் நகரும், மிச்சம் அடியில் தங்கும். பழைய செய்முறைகளில் எல்லாம் அது இருப்பதால் இன்னும் எல்லாரும் போடுகிறார்கள். போட்டேன், பலித்தது என்று சொல்பவர்கள் மீட்டரில் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் பார்த்தபோதெல்லாம் எண் நகர்ந்தது மிகச் சொற்பம்.

நீற்றின சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, உடனே வேலை செய்யும். உணவுத் தரத்தில், ஊறுகாய் போடுவதற்கென்று விற்கும் பொடி வாங்க வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஆகுமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம். அது குழம்பு, அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சுண்ணாம்பு என்று நிறுக்க வழியில்லை. சுத்தமும் தெரியாது. பொடியாக இருந்தாலும் இது கடுமையான காரம், கண்ணில் படக்கூடாது, கிராம் தராசில் பாதிக் கிராம் கணக்கில் போட வேண்டும்.

சமையல் சோடா, நம் ஆப்ப சோடா, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கரைகிறது, மென்மையாக ஏற்றுகிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சோடாவின் ஒரே சிக்கல் சோடியம். 1 கிராம் சோடா 19 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் சோடியம் கூடும். 100 வரை ஸ்டவுட்டுக்கு நல்லதே, உடல் கொஞ்சம் கனத்தாற்போல் இருக்கும். 150ஐத் தாண்டினால் உவர்ப்பு.

16 நவம்பர் 2023

இப்போது வைத்தியம். ஏற்கெனவே கெக்கில் இருக்கும் பியருக்கு சோடாதான், ஆனால் முதலில் கிளாஸில்.

1 கிராம் சோடாவை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். அதில் ஒரு மில்லி என்றால் 10 மில்லிகிராம் சோடா. வாயு போக்கிய பியரை ஐந்து கிளாஸில் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போடாமல் வையுங்கள். மற்றவற்றில் மருந்து ஊசிக் குழாயால் 1, 2, 3, 5 மில்லி கரைசல். கலக்கிக் கால் மணி நேரம் விட்டு, மீட்டரிலும் பாருங்கள், குடித்தும் பாருங்கள். எந்தக் கிளாஸில் என்ன என்று தெரியாமல் இன்னொருவர் நீட்டினால் இன்னும் நல்லது, சோடா போட்டோம் என்ற நினைப்பே நாக்கை மாற்றிவிடும்.

100 மில்லிக்கு 1 மில்லி பிடித்திருந்தால் லிட்டருக்கு 0.1 கிராம், 19 லிட்டருக்கு 1.9 கிராம். 3 மில்லி என்றால் 5.7 கிராம். 5 மில்லியில் பெரும்பாலும் பியர் தட்டையாகி சோப்பு வாடை எட்டிப் பார்க்கும். அந்தக் கிளாஸ் அதற்காகத்தான் வரிசையில் இருக்கிறது, எல்லை எங்கே என்று நாக்குக்குத் தெரிய வேண்டும்.

கெக்கில் போடும்போது ஒரு எச்சரிக்கை. வாயு ஏறிய பியரில் சோடாப் பொடியைக் கொட்டினால் நுரை எழுந்து மூடி வழியே பாதிக் கெக் தரைக்கு வந்துவிடும். பொடி தரும் குருணைகளும் நுரையைக் கிளப்பும், அமிலமும் சோடாவும் சேர்ந்து புது வாயுவும் வரும். கெக்கின் அழுத்தத்தை முழுதாக விட்டுவிட்டு, பியரைக் குளிரவைத்து, கொதிக்க வைத்து ஆறிய கொஞ்சம் தண்ணீரில் சோடாவைக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். மூடிக் கரியமில வாயுவால் மேல் காற்றை இரண்டு மூன்று முறை வெளியேற்றுங்கள், ஆக்சிஜன் தங்கக்கூடாது. பிறகு மெல்லச் சாய்த்துக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். கிளாஸில் தேர்ந்த அளவில் முக்கால் பங்கை முதலில் போடுங்கள். கூட்டுவது எளிது, போட்ட சோடாவை எடுக்க முடியாது.

பாட்டிலில் அடைத்துவிட்டவர்களுக்கு இந்த வழி இல்லை. மூடியைத் திறந்து போடுவது பியரைக் கெடுக்கும். குடிக்கும்போது கிளாஸில் சில துளி கரைசல் விட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

20 நவம்பர் 2023

"பழைய போர்ட்டர் புளிப்பாகத்தான் இருந்தது, நீங்கள் எல்லாரும் அதைக் குற்றமாகப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, மறுபாதி வேறு கதை.

லண்டன் போர்ட்டரை மாதக்கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் பழகவிட்டார்கள். அந்தத் தொட்டிகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு 1814 அக்டோபர் 17 சாட்சி. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் மியூ நிறுவனத்தின் ஆலையில் ஒரு தொட்டி வெடித்து, பியர் வெள்ளத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். அப்படிப் பழகிய பியரில் புளிப்பும் தோல் வாடையும் ஏறியது உண்மை, அதை இளம் பியரோடு கலந்து விற்றதும் உண்மை. அந்த ருசிக்கான ஈஸ்டை 1904இல் கார்ல்ஸ்பெர்க்கில் கிளாசென் பிரித்தெடுத்து பிரெட்டனோமைசஸ் என்று பெயர் வைத்தார், இங்கிலாந்துப் பியரில் கண்டதால் அந்தப் பெயர்.

ஆனால் அது காலம் கொண்டுவந்த புளிப்பு. தம்பியின் கெக்கில் இருப்பது மாஷிலேயே பிறந்தது. ஆறே வாரத்துப் பியர், அதில் பழகிய ருசி எங்கிருந்து வரும்? டேனியல் வீலர் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதே 1817இல்தான். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கருப்பு மால்ட்டில் முழு நிறம் என்ற வழி வந்தது. தொட்டிப் போர்ட்டரின் புளிப்பும் கருக வறுத்த பார்லியின் கூர்மையும் வெவ்வேறு வம்சம்.

இருந்தாலும் அவர் சொன்னதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது: கலப்பது. புளித்த ஸ்டவுட்டோடு, கருப்புத் தானியம் குறைவாகப் போட்ட பிரவுன் ஏல் என்ற பழுப்பு பியரைக் கலந்தால் சோடாவே தேவைப்படாமல் போகலாம். இரண்டும் சுத்தமான பியராக இருந்தால் மட்டும்.

23 நவம்பர் 2023

தம்பி கிளாஸ் சோதனை செய்துவிட்டார். 2 மில்லி நன்று, 3 மில்லி இன்னும் நன்று, 5இல் சோப்பு. மீட்டர் 3 மில்லியில் 4.3க்கு ஒரு மயிரிழை கீழே. கெக்கில் 4.5 கிராம் போட்டு இரண்டு நாள் விட்டாராம், சாக்லேட் இப்போதுதான் தெரிகிறது என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். காறல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அது இருக்கும். அமிலத்தை சோடா தணிக்கும், கருகலைத் தணிக்காது. 450 கிராம் வறுத்த பார்லியும் 250 கிராம் சாக்லேட் மால்ட்டும் சேர்ந்து மொத்தத் தானியத்தில் 14 சதவீதம், அது கனமான கைதான்.

லயன் ஸ்டவுட் போல வேண்டும் என்றால் ஒப்பிடும் இடமே வேறு. அது 8.8 சதவீதப் பியர், மீந்த இனிப்பும் ஆல்கஹாலின் கனமும் வறுத்த கூர்மையை மூடிவிடும். 5.4 சதவீத உலர்ந்த, அதாவது இனிப்பு குறைந்த, ஸ்டவுட்டில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

4 டிசம்பர் 2023

அடுத்த முறைக்கு. மாஷ் பிஎச்சை 5.4க்கும் 5.6க்கும் நடுவில் வையுங்கள், அறை வெப்பத்துக்கு ஆறவைத்து அளந்த எண் அது. 65 டிகிரியில் அதே மாஷ் சுமார் 0.3 குறைவாக இருக்கும், சூட்டில் முக்கி அளந்து பயந்தவர்கள் பலர். சூடு எலக்ட்ரோடையும் கெடுக்கும்.

ஜிப்சத்தை நிறுத்துங்கள். 15 லிட்டர் மாஷ் தண்ணீருக்கு 3 கிராம் சோடாவில் தொடங்கி, கால் மணி நேரத்தில் அளந்து, குறைந்தால் ஒரு கிராம் கூட்டுங்கள். கால்சியம் வேண்டுமென்றால் கால்சியம் குளோரைடைக் கொதிக்கும் கட்டத்தில் கொஞ்சம் போடலாம், மாஷில் வேண்டாம்.

கருப்புத் தானியத்தை மாஷின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போடுவது, இல்லை முந்தின இரவே குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து வடித்துச் சேர்ப்பது என்று இரண்டு வழிகளைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். குளிர்ந்த ஊறலில் காறல் குறைவாக வரும். காபி டிகாஷனை அடுப்பிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், அதே நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த ஸ்டவுட் எலும்பில்லாமல் தெரிகிறது. தண்ணீரைத் திருத்திவிட்டு எல்லாத் தானியத்தையும் முழு நேரம் மாஷில் விடுவதே என் விருப்பம்.

5 டிசம்பர் 2023

நேற்று எழுதியதை ராத்திரி முழுக்க யோசித்தேன், இரண்டு திருத்தம். கடைசியில் போடும் வழி மாஷைத்தான் காக்கிறது. அந்தத் தானியத்தின் அமிலம் கொப்பரைக்கு வந்துதான் சேரும், அங்கே பிஎச்சை இறக்கத்தான் செய்யும். ஆகவே லாக் கத்ரீன் மாதிரித் தண்ணீரில் தானியத்தைத் தாமதமாகப் போட்டாலும் சோடா கொஞ்சம் தேவைப்படலாம். கொதிக்கும் முன் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இரண்டாவது, "எலும்பில்லாமல்" என்றது உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட்டுக்குத்தான். ஓட்மீல் ஸ்டவுட்டுக்கு அந்த மென்மை பொருந்தும். வறுத்த பார்லியில் 150 கிராமை எடுத்துவிட்டு உமி நீக்கிய கருப்பு மால்ட் போடுவது இன்னும் எளிது. பாம்பெர்க்கின் வெயர்மான் விற்கும் கராஃபா ஸ்பெஷல் அந்த வகை. நிறம் அப்படியே இருக்கும், காறல் இறங்கும்.

எக்ஸ்ட்ராக்டில் (கடையில் விற்கும் மால்ட் சாற்றில்) செய்பவர்களுக்கு: உங்கள் எக்ஸ்ட்ராக்டின் மாஷ் ஏற்கெனவே ஆலையில் முடிந்துவிட்டது. கருப்புத் தானியத்தை வடிகட்டிய சுத்தத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், சூப்பர் மார்க்கெட் பாட்டில் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமுள்ளதை லேபிள் பார்த்து எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

10 டிசம்பர் 2023

ஒருவர் தன் பாட்டில்கள் வாரா வாரம் அதிகம் புளிக்கின்றன, திறந்தால் பொங்குகிறது, ஒரு கிலோ சோடா வாங்கட்டுமா என்கிறார். வேண்டாம், இது வேறு நோய். தண்ணீரால் வந்த புளிப்பு முதல் நாள் எப்படியோ கடைசி நாளும் அப்படியே இருக்கும், கொஞ்சம் மழுங்கலாம். வளர்கிற புளிப்பு என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. லாக்டோபேசில்லஸ், பெடியோகாக்கஸ், காட்டு ஈஸ்ட், ஏதோ ஒன்று. பியரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ லாக்டோபேசில்லஸைப் பெரும்பாலும் அடக்கும், பெடியோகாக்கஸ் அதற்கு அவ்வளவாக அஞ்சாது, வெண்ணெய் வாடையும் நூல் இழுப்பதும் அதன் அடையாளம்.

பொங்கும் பாட்டில் வெடிக்கும் பாட்டில். கையுறையும் கண்ணாடியும் போட்டுக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள், குளிர்ந்த பின் திறந்து வாயுவை விடுங்கள். இந்த பியரில் சோடா போடக்கூடாது, பிஎச்சை ஏற்றினால் பாக்டீரியாவுக்கு இன்னும் வசதி. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போட்டு இனிப்பால் மூடலாம் என்ற யோசனையும் இங்கே ஆபத்து. சாதாரண பியர் ஈஸ்ட் லாக்டோஸைத் தொடாது, அதனால்தான் மில்க் ஸ்டவுட் இனிப்பாக நிற்கிறது. பல லாக்டிக் பாக்டீரியாக்கள் அதைத் தின்றே வளர்பவை. சுத்தமான, வெறும் கூர்மை மட்டும் உள்ள ஸ்டவுட் என்றால் 19 லிட்டருக்கு 300 கிராம் லாக்டோஸ் நன்றாகவே தணிக்கும். பால் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

குழாய், ரப்பர் வளையம், பாட்டில் நிரப்பும் கருவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கீறல் இருந்தால் அதையும். திருகு குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு வழவழப்புப் படலம் இருக்கும், பல வீடுகளில் குற்றவாளி அங்கேதான் குடியிருக்கிறது. அழுக்கு போகாமல் கிருமிநாசினி ஊற்றிப் பயன் இல்லை, முதலில் தேய்த்துக் கழுவுங்கள்.

6 ஜனவரி 2024

தம்பியின் அடுத்த ஸ்டவுட் மாஷில் 5.5, கெக்கில் 4.4. வறுத்த பார்லி 300 கிராம், உமி நீக்கியது 150, மற்றதெல்லாம் பழையபடி. சோடா மாஷில் 3 கிராமோடு நின்றுவிட்டது, கெக்கில் எதுவும் போடவில்லை. காபி சேர்க்கலாமா என்று இப்போது கேட்கிறார். சேர்க்கலாம், குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்த காபியாக, கெக்கில் ஏற்றும் நாளில். அதிலும் அமிலம் உண்டு, ஆகவே மறுபடியும் கிளாஸில் 100 மில்லி வைத்துப் பார்த்துவிட்டு.

சொந்தமாக மீட்டர் வாங்கிவிட்டாராம். வாங்கியவர்களுக்கெல்லாம்: ஒவ்வொரு முறையும் 4.01, 7.00 கரைசல்கள் இரண்டிலும் சரிபார்த்த பிறகே அளவு எடுங்கள். எலக்ட்ரோடை உலரவிடாதீர்கள், காய்ச்சி வடித்த தண்ணீரிலும் போட்டுவைக்காதீர்கள், மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சில துளி விட்டு மூடுங்கள்.